இட்டேரிக்குத் தாரும் வேண்டும், வேலியும் வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

தோட்டத்துக்காரர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் இட்டேரியில், அதாவது இருபுறமும் உயிர்வேலி உள்ள வண்டிப்பாதையில், ஆம்புலன்ஸ் வந்து திரும்ப இடமில்லை. தார் போட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொங்குப் பக்கம் இட்டேரியை அகலப்படுத்தும்போது ஜேசிபி முதலில் வழித்துப் போடுவது இருபுறக் கிளுவை வேலியைத்தான். அதோடு அதில் படரும் பிரண்டை, கோவை, முசுமுசுக்கைக் கொடிகளும் போகும். அடியில் குடியிருக்கும் கீரியும் கௌதாரியும் போகும். பிறகு எலிக்கு மருந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே மேற்கு வேலியைத் தொடுவதில்லை. வேலி ஏற்கனவே விட்டுவிட்டு நிற்கும் கிழக்கே மட்டும் 3 மீட்டர் நகர்கிறோம். 1 கி.மீ. நீளத்துக்கு இது 3,000 சதுர மீட்டர், சுமார் 74 சென்ட். வண்டிப்பாதைப் புறம்போக்கு எவ்வளவு என்று புலப்படம் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) வைத்து அளக்காமல் பட்டா நிலம் கேட்பது முறையல்ல. முதல் வேலை அதுதான். குறையும் நிலத்துக்கு மட்டும் ஊராட்சி பெயரில் தானப் பத்திரம். வெள்ளைத்தாள் சம்மதம் நிலம் கைமாறும் வரைதான் செல்லும். வாங்கியவர் கம்பி வேலி போட்டால் பாதை நின்றுவிடும். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். வங்கி அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். அதனால் வில்லங்கச் சான்றை முன்பே எடுக்கிறோம். பதிவான பின் உட்பிரிவு செய்து கல் நட்டுவிட்டால், ஒப்பந்தக்காரர் எல்லை தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

புது எல்லையில் அடிக்கு ஒன்றாக 3,280 கிளுவைப் போத்துகள் (நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டுகள்). பழைய வேலியைக் கவாத்து செய்தே எடுத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத, 4 அடிக் கொம்பாக இருக்க வேண்டும். வெட்டியதும் நடக்கூடாது, வெட்டுவாய் உலர நிழலில் சில நாள் கிடக்கட்டும். ஓர் அடி ஆழத்தில், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நட வேண்டும். கூலியாள் அவசரத்தில் தலைகீழாக ஊன்றிவிடுவது உண்டு. தண்ணீர் தேங்கினால் அழுகும். துளிரை ஆடு விடாது, வேலாமுள் அடைப்பு கட்டாயம். ஐப்பசி மழைக்கு முன் நட்டு, துளிர்த்த பிறகே பழைய கிழக்கு வேலியில் கை வைப்போம்.

வேலிக்கு அடிக்கு 60 ரூபாய் வீதம் 1,96,800. அளவை, கல், பத்திரச் செலவு 75,000. ஆக 2,71,800 ரூபாய். பத்து அடியோ நூறு அடியோ, முடிந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். நிலம் தருபவர்கள் பணம் தர வேண்டாம். மற்றவர்கள் பணத்துக்குப் பதில் ஆள் வேலையாகவும் தரலாம். முள் வெட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. வரவு செலவு ஜனவரி 26 கிராம சபையில் வைக்கப்படும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

இட்டேரிப் பாதைக் குழு