கலாவுக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் நாத்தனார் தன் வீட்டுக்காரருக்குக் கிட்னி தருவதைப் பற்றி எழுதியிருந்தாய். யாரும் கேட்கவில்லை, அவளாகவே முன்வந்தாள் என்கிறாய். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே கிட்னி தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவள் மனசு பெரிசுதான், சந்தேகமில்லை. ஆனால் அவளுடைய கிட்னி கெட்டுப்போயிருந்தால் அந்த வீட்டில் யார் 'தானாகவே' முன்வந்திருப்பார்கள்?

ஆண்களைக் குறை சொல்லவில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது படகோடு வந்து ஆட்களை ஏற்றிப்போனவர்கள் மீனவர்கள்தானே. சட்டென்று ஆபத்தில் குதிப்பதில் ஆண்கள் முந்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பிறரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு 1904-லிருந்து கார்னகி பதக்கம் தருகிறார்கள். வாங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆண்கள். 2004-ல் செல்வின் பெக்கர், ஆலிஸ் ஈக்லி என்ற உளவியலாளர்கள் இப்படிப்பட்ட துணிச்சலை வேறு இடங்களிலும் தேடிப் பார்த்தார்கள். நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றியவர்களில் பெண்கள் ஆண்களுக்குக் குறையவில்லை. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே, தாங்கள் ஒளித்துவைத்த யூதர்களுக்கு மாதக்கணக்கில் சோறு போட்டிருக்கிறார்கள். அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமா என்ன?

அப்புறம், சுபாவம் என்று ஒன்று இருக்கிறதே. அந்த வெள்ளத்தில் எங்கள் மாடிவீட்டு டீச்சர் புடவையை வரிந்துகட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போய்ப் பால் பாக்கெட் வாங்கிவந்தாள். குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் முதலில் என்று எங்களையெல்லாம் ஒரு அதட்டல் வேறு! கீழ்வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்தாலே நடுங்குகிறவர். அவர்தான் மூன்றாம் மாடிப் பாட்டிக்குத் துணையாக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜ் நின்றுபோனதால், பாட்டியின் இன்சுலினை மண்சட்டியில் வைத்து, சுற்றியிருந்த துணி காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பிறகு பாராட்டுவிழா எடுத்தபோது மேடைக்குக் கூப்பிட்டது டீச்சரை மட்டும்தான். எனக்கு அது கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது.

சரி, ஆபரேஷனுக்குப் பிறகு உன் நாத்தனாரைச் சில வாரங்கள் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்பார்கள். அங்கே தண்ணீர்க் குடம் தூக்க யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. யாரும் இல்லையென்றால் நான் வந்து இருக்கிறேன். இவர் அதற்குள் காபி போடக் கற்றுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
செல்வி