குறை சொல்ல ஆளில்லாத டீம்

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். மேனேஜர் ஆனதற்கு வாழ்த்துகள். பார்ட்டியை வட்டியோடு வசூலிப்பேன். இவ்வளவு நாள் எழுதாதவன் இன்று உட்காரக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி: "என் டீமில் யாரும் எதற்கும் வாயே திறப்பதில்லை, அவ்வளவு திருப்தி." படித்ததும் பகீரென்றது.

கல்லூரியில் மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டியவனடா நீ! அதே ஆள் முதல் வேலையில் வாயைத் தைத்துக்கொண்டு இருந்தாயே, திருப்தியிலா?

போன வாரம் எங்கள் ஆபீஸில் நடந்ததைக் கேள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கஸ்டமருக்குப் போகவேண்டிய ரிப்போர்ட்டில் கணக்கு உதைக்கிறது என்று மீட்டிங்கில் எழுந்து சொன்னாள். கையில் பிடித்திருந்த தாள் நடுங்கியது. எங்கள் டீமை நடத்தும் லீட் அம்மா தன் லேப்டாப்பை மூடிவிட்டு, "எந்த வரிம்மா, காட்டு" என்றார். கடைசியில் கணக்கு சரிதான். அவள் பார்த்தது பழைய ஃபைல். லீட் என்ன சொன்னார் தெரியுமா? "பழையதை இங்கேயே போட்டு வைத்தது நாங்கள். சந்தேகம் வந்ததும் கேட்டாயே, நல்லது." அங்கேயே அந்த ஃபைலை எடுத்துவிட்டார்.

மறுநாள் நம் சாமியார், மீட்டிங்கில் வாயே திறக்காத மனிதர், தானாகப் போய் டெலிவரி தேதி நடக்காத காரியம் என்று சொல்லியிருக்கிறார்! அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்கிறாயா? அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் அவள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர் இதே லீட்தான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990களில் ஆஸ்பத்திரி டீம்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. மற்ற இடங்களில் பயந்து மறைத்தார்கள், இவர்கள் சொன்னார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி அதைத் தெரிவிக்க வைத்திருக்கும் கயிற்றை இழுத்தால் டீம் லீடர் உதவிக்கு ஓடி வருவார். "யார் இழுத்தது?" என்று அதட்டினால் மறுமுறை யார் கை வைப்பார்கள்?

அதனால், புகார்ப் பெட்டி வாங்கப்போகிறேன் என்றாயே, அதை விடு. "எல்லாம் ஓகேதானே?" என்றும் கேட்காதே. ஓகே என்றுதான் பதில் வரும். "இந்த வேலையில் எங்கே இடிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இரு. நீ பேசி நிரப்பிவிடாதே, உன்னைத் தெரியும். யாராவது சொன்னால், அது என்ன ஆயிற்று என்று அந்த வாரமே அவரிடம் போய்ச் சொல். முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது சொல்.

முதலில் வாய் திறந்தது யார், நீ என்ன பதில் சொன்னாய், இரண்டையும் எழுது. ஃபோனில் ஒற்றை வரி அனுப்பித் தப்பிக்கப் பார்க்காதே. சாமியார் உன்னை விசாரித்தார்.

உன்
பழைய ரூம்மேட்