கிளி எந்தக் கையில்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

வாட்ஸ்அப்பில் படத்தை மாற்றியிருக்கிறாய். புதுமண்டபத்தில் நீங்கள் மூன்று பேரும் நின்றது இருந்தது. இப்போது வெறும் கடல். நல்ல கடல்தான். வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் மாசி வீதியில் ஒரு ஃப்ளெக்ஸ் பார்த்தேன். இடம் பத்தவில்லை என்று மீனாட்சி படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டுவிட்டான். வலக்கைக் கிளி இடக்கைக்குப் போய்விட்டது. ‘இடக்கையில் கிளி வைத்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்டா’ என்றேன். ‘முகம் அம்மன் மாதிரியே இருக்குல்ல பெரியவரே’ என்கிறான். ஆத்தா முகத்தை எவன் நேரில் பார்த்தான்? பச்சை மேனி, கையில் கிளி, அதை வைத்துத்தானே கும்பிடுகிறோம். நான் சுவரில் எழுதிய சின்னங்களுக்கும் அந்த வேட்பாளர்களுக்கும் என்ன ஜாடை? படிக்கத் தெரியாத சனம்தான் அதிகம் என்று 1951-52 முதல் தேர்தலிலேயே சின்னம் வைத்தார்கள். உன் அப்பத்தா கடைசிவரை சின்னம் பார்த்துத்தான் குத்தினாள், ஆள் பெயர் கேட்டால் தெரியாது.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நீதான் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. கடல் பிடித்திருக்கும், போட்டிருப்பான் என்று அவளிடம் சொன்னேன். ‘அதில் யாருமே இல்லையே’ என்கிறாள். சரி, விடு. ராத்திரி கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

இரண்டாம் வகுப்பில் நீ ஒரு படம் வரைந்தாய். வீடு, அம்மா, நீ. வாசலில் ஒரு சைக்கிள், ஹேண்டில்பாரில் இரண்டு பெயிண்ட் டப்பா. அப்பா எங்கேடா என்றால் சைக்கிளைக் காட்டி, ‘இதுதாம்ப்பா நீங்க’ என்றாய். ஆள் வரையத் தெரியாதா என்று கிழித்தேன். முதுகிலும் ஒன்று வைத்தேன். ஆள் ஜாடை வரவில்லை என்பதற்காக அடித்ததாகத்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். இல்லை தம்பி. அச்சு அசல் நான்தான் அது. தேர்தல் வந்தால் மாதக்கணக்கில் வெளியூர். வந்த நாளிலும் சைக்கிள்தான் வாசலில் நிற்கும், நான் சாராயக் கடையில் கிடப்பேன். உன் அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

மருமகளைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்குக் கலர் பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?

அப்பா