எலுமிச்சைத் தொட்டி

சேலம்,
தை 18

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய புது அட்ரஸ் கிடைத்தது. அட்ரஸ் மட்டும்தான் இருந்தது. சரி.

புழக்கடை மல்கோவா இந்தத் தையிலும் ஏமாற்றிவிட்டது. மார்கழியில் பெய்த மழைக்குப் பூ வர வேண்டிய நுனியிலெல்லாம் செந்துளிர். கிழக்குக் கிளையில் மட்டும் நாலு பூங்கொத்து. ஆவணியிலேயே உள்கிளைகளைக் கழித்து வெயில் விழ வைத்தேன், கார்த்திகையிலிருந்து சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. மாசி பிறந்தும் பூக்காவிட்டால் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிக்க வேண்டியதுதான். மருந்துக்கடைக்காரர் பூக்க வைக்கிற கல்டார் மருந்தை வேரில் ஊற்றச் சொன்னார். எனக்கு மனசில்லை. எதிர்வீட்டுப் பெங்களூரா மாதிரி வருஷா வருஷம் காய்க்கிற ஜாதியா இது?

அந்த எலுமிச்சைத் தொட்டியைக் கையோடு கொண்டுபோனாயா, கண்ணு? பஸ்ஸில் மடியில் வைத்து, முள் குத்தக் குத்தக் கொண்டுபோன கன்று. இலை மினுமினுவென்று இருக்கிறது, பூவைத்தான் காணோம் என்று போன வருஷம் சொன்னாய். தினமும் தண்ணீர் ஊற்றுகிறாய், அதுதான். இலை லேசாகத் துவளும்வரை காயவிடு. அப்புறம் மேல்மண்ணைக் கிளறி, மக்கிய எரு இரண்டு கை போட்டு, நிறையத் தண்ணீர் விடு. துளிரோடு மொட்டும் வரும். யூரியா வேண்டாம். அரை நாளாவது வெயில் படணும். புது வீட்டில் பால்கனி இருக்கிறதா? மாடியா, கீழ்வீடா? தினமும் ஊற்றாதே. ராத்திரி உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா பார்.

நீ டீம் லீடர் ஆனதைப் பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அதுவும் உன் சித்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அம்மா மாவடுவுக்கு ஜாடி கழுவி வெயிலில் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒன்று. நான் எதுவும் சொல்லவில்லை.

மல்கோவா நட்ட இரண்டாம் வருஷமே பூத்தது ஞாபகம் இருக்கா? ஒட்டுக்கன்று, முதல் மூன்று வருஷப் பூவைக் கிள்ளிப் போடுங்கள், மரம் தேறட்டும் என்று நர்சரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நீயும் சொன்னாய். எனக்குக் காயைப் பார்க்கிற ஆசை. மூன்றே காய். பழுக்குமுன் பாரம் தாங்காமல் கொம்பு ஒடிந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் மொட்டைதான்.

நீ எம்.எஸ்சி. படிக்கிறேன் என்றபோது, நல்ல இடம் கை நழுவிப் போய்விடும் என்று குதித்ததும் நான்தான். உனக்கு அப்போது 21. இரண்டு வருஷம் போகட்டுமே என்ற உன் அம்மாவையும் அதட்டினேன். நீ அழவில்லை. அழுதிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

தொட்டி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டதென்றால் ஒரு வரி போடு. நானே போய் எடுத்துவந்து உன்னிடம் சேர்க்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். உன்னிடமும்.

அப்பா