நம் முதலீட்டாளர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம் பகுதி உறுப்பினர்களுக்கும், அம்பாசமுத்திரத்தில் இருந்தும் வள்ளியூரில் இருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களுக்கும் என் வணக்கம். ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு பொதுக்குழுவைக் கூட்டுவது நம் வழக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் அதிகம். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய கையோடு, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு தொடங்கிய பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மாதம் ஒரு பங்கு என்று தாவிக்கொண்டிருக்காமல், ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்து ஆண்டு முழுவதும் படிப்பது என்று. எடுத்தது, டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் ஓய்வூதியப் பணத்தைப் பத்திரமாக வைக்க இடம் தேடுபவர்கள். மீதிப் பேரில் பலர் மளிகைக் கடை, ஏஜென்சி, மொத்த வியாபாரம் என்று இருப்பவர்கள். ஒரு பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனியை எடை போட அண்ணாச்சிகளைவிடத் தகுந்தவர்கள் யார்? சென்னை வரைக்கும் போய்க் கடை வைத்து நிமிர்ந்த குடும்பங்கள் நிறைந்த சீமை இது. இந்த ஆண்டு அறிக்கையின் பெரும்பகுதி அந்தப் படிப்பைப் பற்றியதுதான்.

முதல் கூட்டத்திலேயே நயினார்குளம் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் அடிப்படையான கேள்வியைக் கேட்டார். எல்லாரும் அதே கம்பெனி சோப்பு, அதே கம்பெனி எண்ணெயைத்தான் விற்கிறோம். இவர்களால் மட்டும் எப்படிக் குறைத்து விற்க முடிகிறது? இதற்குப் பதில் தேடியே இரண்டு மூன்று கூட்டங்கள் போயின. அந்தக் கூட்டங்கள்தான் ஆண்டிலேயே சிறந்தவை என்று சொல்வேன்.

பதில் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கைக்குள்ளேயே இருந்தது. நிறுவனர் ராதாகிஷன் தமானி 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். அப்போதிருந்தே கடை நிற்கும் இடத்தைக் கூடுமானவரை சொந்தமாக வாங்குவது, இல்லையென்றால் நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பது என்பது அவர்கள் கொள்கை. மாதாமாதம் வாடகை ஏறும் கவலை இல்லை. அடுத்தது ரொக்கம். இருப்புநிலைக் குறிப்பில் சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தரவேண்டிய பாக்கியைப் பார்த்தால், அது ஏறத்தாழ ஒரு வாரத்துக் கொள்முதல் அளவுக்குத்தான் வருகிறது. கையில் இருக்கும் சரக்கோ சுமார் ஒரு மாத விற்பனைக்கு உரியது. கடனுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, கையில் காசு வைத்துக்கொண்டு வாங்குபவருக்கு ஒரு விலை என்பதை அண்ணாச்சிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகையை எடுத்து வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுக்கிறார்கள், கூட்டம் வருகிறது, சரக்கு ஓடுகிறது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் இதையே செய்வது சாதாரணக் காரியம் இல்லை.

இப்படிச் செய்யாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்த்தோம். 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, சுமார் 1,600 கடைகள் வரை விரிந்து, 2009இல் கையில் பணமில்லாமல் முடங்கியது. பிக் பஜார் கடைகளை நடத்திய ஃபியூச்சர் ரீடெயில், கடன் சுமையால் 2022இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இரண்டுமே மக்கள் கூட்டமாகப் போன கடைகள்தான். கூட்டத்தை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். டிமார்ட்டுக்கு வங்கிக் கடன் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தேவைப்பட்டபோது, 2020 பிப்ரவரியில், பங்கு ஒன்று 2,049 ரூபாய் என்று புதுப் பங்குகளைக் கொடுத்து 4,098 கோடி ரூபாய் திரட்டிக்கொண்டார்கள். நிறுவனர்கள் கையில் இன்றும் 74 சதவீதத்துக்கு மேல் பங்குகள் இருக்கின்றன.

சரி, கம்பெனி நல்ல கம்பெனி. இதில் நம் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பங்கின் விலை என்று வந்தபோதுதான் விவாதம் சூடுபிடித்தது.

2017 மார்ச்சில் பங்கு வெளியீட்டு விலை 299 ரூபாய். நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்ததால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. பட்டியலிட்ட முதல் நாளே 640 ரூபாய் அளவில் முடிந்தது. 2021 அக்டோபரில் 5,900 ரூபாயை நெருங்கியது. 2025 மார்ச் கடைசியில் 4,000 ரூபாயைச் சுற்றி நின்றது. ஆக, வெளியீட்டில் கிடைத்தவருக்கு எட்டு ஆண்டுகளில் பதின்மூன்று மடங்கு. முதல் நாள் சந்தையில் வாங்கியவருக்கு ஆறு மடங்கு. 2021 உச்சத்தில் வாங்கியவருக்குப் போட்ட நூறு ரூபாயில் முப்பது ரூபாய்க்கு மேல் குறைவு. மூவரும் வைத்திருப்பது ஒரே பங்கு.

இந்த இடைவெளியில் கம்பெனி தூங்கிவிட்டதா என்றால் இல்லை. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிகர லாபம் சுமார் 1,100 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 2,707 கோடி. கடைகள் 2024 மார்ச்சில் 365. ஓராண்டில் 50 கூடி 415. லாபம் இரண்டரை மடங்கு ஏறியும் பங்கு கீழே நிற்கிறது என்றால், 2021இல் கொடுத்த விலையில்தான் கோளாறு. அன்றைக்கு, கடைசியாக முடிந்த ஆண்டின் லாபத்தைப்போல் 300 மடங்குக்கு மேல் விலை கொடுத்துச் சந்தையில் வாங்கினார்கள்.

அமெரிக்காவின் வால்மார்ட் கதையையும் ஒரு கூட்டத்தில் எடுத்துப் பேசினோம். 1962இல் சாம் வால்டன் தொடங்கிய கடை, உலகத்திலேயே பெரிய சில்லறை வியாபாரமாக வளர்ந்தது. 1999 கடைசியில் அதன் பங்கு ஏறத்தாழ 70 டாலர். 2011 கடைசியில் 60 டாலர். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் ஆண்டு லாபம் சுமார் 540 கோடி டாலரில் இருந்து 1,570 கோடி டாலராக ஏறியிருந்தது. இடையில் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் தொகை, கொடுத்தார்கள் என்பது உண்மைதான். டிமார்ட் அதுவும் இதுவரை கொடுத்ததில்லை; லாபத்தை எல்லாம் புதுக் கடைகளில் போடுகிறது. மாதச் செலவுக்குப் பங்கில் இருந்து வருமானம் எதிர்பார்க்கும் ஓய்வூதியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2024-25 கணக்கைத் தனியாக ஒரு கூட்டத்தில் பிரித்துப் பார்த்தோம். விற்பனை 50,789 கோடியில் இருந்து 59,358 கோடி ஆனது. சுமார் 17 சதவீத வளர்ச்சி. லாபம் 2,536 கோடியில் இருந்து 2,707 கோடி. 7 சதவீதம்கூடத் தொடவில்லை. முந்தைய ஆண்டில் நூறு ரூபாய் விற்றால் ஐந்து ரூபாய் மிஞ்சியது, இப்போது நாலரை. காரணங்களில் ஒன்று எங்கள் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. மளிகைச் சாமானில் மார்ஜின் குறைவு. துணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான்களில்தான் கூடுதல். கொரோனாவுக்கு முன்னால் மொத்த விற்பனையில் 27 சதவீதத்துக்கு மேல் இருந்த இந்தச் சாமான்களின் விகிதம் இப்போது 22, 23 என்று நிற்கிறது. அதேபோல, ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 32,900 ரூபாய் அளவுக்கு 2020 மார்ச்சில் முடிந்த ஆண்டில் விற்றவர்கள், 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டிலும் ஏறத்தாழ அதே அளவில்தான் விற்றார்கள். நடுவில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று நமக்குத் தெரியும். புதுக் கடைகள் பெரிதாக இருப்பதும் ஒரு காரணம் என்று சில உறுப்பினர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

2024 அக்டோபரில் காலாண்டு முடிவு வந்த மறு வர்த்தக நாளில் பங்கு ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வீட்டு வாசலுக்கே மளிகை வந்து சேரும் ஆன்லைன் வியாபாரம், பெருநகரங்களில் நன்றாக ஓடும் தங்கள் கடைகளைப் பாதிக்கிறது என்று நிர்வாகமே அப்போது ஒப்புக்கொண்டது. பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் எல்லாம் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருகின்றன. இதனால் டிமார்ட் படுத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. மாதச் சாமானை மொத்தமாக, மலிவாக வாங்கும் குடும்பம் இருக்கும்வரை அந்தக் கடைக்கு வேலை உண்டு. ஆனால் இந்தக் கேள்வி 2017இல் இல்லை; இன்று இருக்கிறது. 2004 முதல் நிறுவனத்தில் இருந்து அதை வளர்த்த தலைமைச் செயல் அதிகாரி நெவில் நொரோனா 2026 தொடக்கத்தில் விலகுகிறார் என்றும், யூனிலீவரில் நீண்டகாலம் இருந்த அன்ஷுல் அசாவா பொறுப்பேற்பார் என்றும் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இதையும் தொடர்ந்து கவனித்துவருகிறோம்.

மார்ச் கூட்டத்தில் போட்ட கணக்கை முடிவுகள் வந்ததும் திருத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். வராதவர்களுக்காக இங்கே சொல்கிறேன். ஒரு பங்குக்கான லாபம் இப்போது சுமார் 41 ரூபாய் 60 காசு. விலை 4,000 என்றால் லாபத்தைப்போல் 96 மடங்கு. நல்லாக் காய்க்கும் தென்னந்தோப்புதான். ஆனால் 96 வருஷக் காய்ப்பை இன்றே முன்பணமாகக் கேட்கிறார்கள். காய்ப்பு கூடிக்கொண்டே போனால்தான் அந்த விலை கட்டும். லாபம் ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் பத்து ஆண்டுகள் வளர்ந்து, அப்போது சந்தை 40 மடங்கு விலை தரும் என்று வைத்துக்கொண்டால், பங்கு சுமார் 6,700 ரூபாய்க்கு வரும். ஆண்டுக்கு 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும் வருமானம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2025இல் 8.2 சதவீதம் கிடைத்தது. லாபம் 20 சதவீதம் வளர்ந்தால், அதே 40 மடங்கில், ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வரும். கடந்த இரண்டு ஆண்டுகளும் லாபம் வளர்ந்தது 7 சதவீதத்துக்கும் கீழே என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இளைய உறுப்பினர்கள் இதை ஏற்கவில்லை. நல்ல கம்பெனி ஒருநாளும் மலிவாகக் கிடைக்காது, 2017இலும் விலை அதிகம் என்று சொன்னவர்கள்தான் ஏமாந்தார்கள் என்று வாதாடினார்கள். இந்தியாவில் கடைகள் திறக்க இன்னும் எத்தனையோ ஊர்கள் மிச்சம் இருக்கின்றன, 415 என்பது தொடக்கம்தான் என்பதும் அவர்கள் வாதம். மறுக்க முடியாத வாதம். இருபத்தைந்து வயதில் மாதாமாதம் சிறு தொகை போடுபவர் பொறுத்திருக்கலாம்; விலை இறங்கினால் கூட வாங்கலாம். ஓய்வு பெற்ற கையோடு வந்த மொத்தப் பணத்தை இந்த விலையில் இந்த ஒரு பங்கில் போடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. செயலாளராக என் கருத்து இது. சங்கம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பில் பதிவு பெற்ற ஆலோசகர் அல்ல. யாரையும் வாங்கு என்றோ விற்கச் சொல்லியோ நாம் கூறுவதில்லை. படித்துக் கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது.

மற்ற பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்கின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகும் பிள்ளைகளுக்காக ஒரு கூட்டம் நடத்தினோம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தோம். 2024 ஜூலை பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதமானதையும், 1.25 லட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதையும் விளக்கினோம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாங்காத டிவிடெண்ட், அதற்குரிய பங்குகளோடு முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பெட்டிக்குள் கிடந்த பழைய பங்குப் பத்திரங்களோடு வந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவினோம். டிமேட் கணக்கில் வாரிசு நியமனம் செய்யாதவர்கள் இந்த மாதமே செய்துவிடுங்கள். கணவர் காலமான பிறகு அலையும் பெண்களைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

வரும் ஆண்டிலும் டிமார்ட்டின் ஒவ்வொரு காலாண்டு முடிவும் பலகையில் ஒட்டப்படும். லாப விகிதம், சதுர அடி விற்பனை, துணி பாத்திரங்களின் பங்கு மூன்றையும் குறித்துக்கொண்டே வருவோம். அடுத்த படிப்புக்கு, டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டனை எடுக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. நகைக்கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் முன்கூட்டியே கேள்விகளை எழுதித் தர வேண்டும்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், டீ, வடை செலவை ஏற்றுக்கொண்டவர்களுக்கும், ஆண்டறிக்கைகளைத் தமிழில் வாசித்து விளக்கிய ஆசிரியை அம்மாக்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று, டைட்டன் குறித்த முன்மொழிவையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
பாளையங்கோட்டை