ஹோத்தூர்லி கணவாயில் கைகொடுத்த அம்மாவுக்கு

சுவிட்சர்லாந்தில் ஓஷினென் ஏரி 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹோத்தூர்லி கணவாய்க்கு (2,778 மீட்டர்) ஒரே நாளில் ஏறி இறங்குவதென்றால் கால்களுக்கு நல்ல வேலை. மேய்ச்சல் நிலங்களைத் தாண்டினால் பனியாறு ஒதுக்கிவிட்டுப் போன கற்குவியல்தான். பாறையில் தீட்டிய வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடுகள்தான் வழித்துணை.

இறங்கும்போது அந்தச் சரளையில் தங்கைக்குக் கால் பிசகிவிட்டது. எதிரே ஏறி வந்த நரைமுடி அம்மா ஒருவர் கேட்காமலே மூட்டையை இறக்கி, கணுக்காலை இறுக்கமாகக் கட்டி, தன் இரண்டு ஊன்றுகோல்களையும் அவளிடம் கொடுத்தார். கணவாய்க்கு மேலே உள்ள ப்ளூம்லிசால்ப் மலைக்குடிலில் தங்கவிருந்தவர் அவர். அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டு ஏரிக்கரை வரை எங்களுடன் இறங்கினார். செங்குத்தான இடங்களில் அவளுக்கு ஒரு படி கீழே நின்று, எங்கே கால் வைப்பதென்று கையால் காட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பொறுமையை எப்படிச் சொல்வேன்!

பெயர் கேட்டதற்குச் சிரித்தார், சொல்லவில்லை. அம்மா, தங்கை இப்போது நன்றாக நடக்கிறாள். உங்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. மனமார்ந்த நன்றி.