எரர் வர்ற வரியில தப்பு இல்ல, ஹெட்டர் ஃபைலப் பாக்கச் சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மாணவர்களுக்காக வர்ற கம்ப்யூட்டர் பக்கத்த விடாம படிக்கிறேன், சி மொழி பத்தி நல்லாவே எழுதுறீங்க, ஆனா ஹெட்டர் ஃபைல் (பல ஃபைலுக்கும் பொதுவான அறிவிப்புகள எழுதி வைக்கிற .h ஃபைல்) பத்தி எதுவும் வந்த மாதிரி ஞாபகம் இல்ல. மைக்ரோகன்ட்ரோலருக்கு (மெஷினுக்குள்ள இருக்கிற சின்ன கம்ப்யூட்டர் சிப்புக்கு) புரோகிராம் எழுத வர்ற புள்ளைங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறது பாதி அங்கதான்.

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு மெயின் ஃபைல்ல ஒரே ஒரு வரிய ரெண்டு மணி நேரமா பாத்துட்டு இருந்துச்சு. இன்ட் கவுன்ட் ஈக்வல்ஸ் ஜீரோ, செமிகோலன் (int count = 0;), அவ்ளோதான் வரி. அதுக்கு நாங்க யூஸ் பண்ற சி கம்பைலர் ஜிசிசி சொல்லுது, கவுன்ட்ங்கிற பாராமீட்டருக்கு (ஃபங்ஷனுக்கு உள்ள அனுப்புற மதிப்புக்கு) வேல்யூ குடுத்திருக்கன்னு. "அண்ணா இது பாராமீட்டரே இல்லையே"ன்னு கேக்குது, நியாயமான கேள்வி. ஹெட்டர சேக்க எழுதுற #include, அதாவது இன்க்ளூட்னா அந்த ஃபைல அப்படியே அந்த இடத்துல ஒட்டுறதுதான், மேல ஒட்டுன ஹெட்டரோட கடைசி வரியில ஃபங்ஷன் டிக்ளரேஷனுக்கு (இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்குன்னு மட்டும் சொல்ற வரிக்கு) செமிகோலன் விட்டுப்போச்சு, அதனால கம்பைலர் அத ஃபங்ஷனோட ஆரம்பம்னு எடுத்துக்கிட்டு கீழ வர்றதெல்லாம் அதோட பாராமீட்டர்னு நெனச்சிருச்சு. 1989 ஸ்டாண்டர்டுக்கு முன்னாடி சி-ல பாராமீட்டரோட டைப்ப (இன்ட் மாதிரி, என்ன வகை மதிப்புங்கிறத) அடைப்புக்கு வெளிய, அடுத்த வரியில எழுதுற வழக்கம் இருந்துச்சு, அந்த மிச்சம்தான் இது.

இதவிட மோசம் கார்டு (guard), அதாவது ஒரே ஹெட்டர் ரெண்டு தடவ ஒட்டாம இருக்க அதோட மேல இஃப்என்டெஃப்னு (#ifndef) ஒரு பேர் வச்சு எழுதுற காவல் வரி; அந்தப் பேர் ஏற்கனவே வந்திருந்தா ஹெட்டர் உள்ள இருக்கிறத கம்பைலர் விட்டுடும். யூஏஆர்டி ஹெட்டர காப்பி பண்ணி எஸ்பிஐ ஹெட்டர் செய்வாங்க (ரெண்டும் சிப் வெளிய இருக்கிற சாதனங்களோட பேசுற வழிகள்), உள்ள எல்லாத்தையும் மாத்துவாங்க, மேல இஃப்என்டெஃப்ல மட்டும் பழைய பேரே இருக்கும். ரெண்டையும் ஒரே ஃபைல்ல இன்க்ளூட் பண்ணா ரெண்டாவது ஹெட்டர் மொத்தமா காணாம போயிடும், அந்த ஹெட்டர்ல ஒரு எரரும் காட்டாது, எங்கேயோ கீழ "டைப் தெரியல"ன்னு வரும். இன்க்ளூட் வரிசைய மாத்திப் பாருங்க, இப்ப இன்னொரு ஹெட்டரோட டைப் தெரியலம்பான். வரிசைய மாத்துனா எரரும் மாறுதுன்னா நான் முதல்ல கார்டு பேரத்தான் பாப்பேன்.

ஜிசிசிக்கு மைனஸ் கேப்பிடல் இ (-E) ஆப்ஷன் குடுத்தா எல்லா ஹெட்டரும் ஒட்டி முடிச்ச முழு ஃபைலும் வரும். அதுல நம்ம டைப் பேரத் தேடுங்க, இல்லவே இல்லன்னா ஹெட்டர் உள்ளயே வரல, இருந்தா அதுக்கு முந்தின வரியில செமிகோலன் இருக்கான்னு பாருங்க. யுஇன்ட்8_டி (uint8_t, எட்டு பிட் எண் டைப்) தெரியலன்னு வந்தா ஸ்டிடிஇன்ட் ஹெட்டர் (stdint.h) சேக்கல, அது சுலபம். நாப்பது எரர் வந்தாலும் முதல் எரர மட்டும் சரி பண்ணிட்டு திரும்ப கம்பைல் பண்ணணும், மிச்சம் பாதிக்கு மேல அதோட நிழல்தான்.

அடுத்த தடவ சி பத்தி போடும்போது இந்த மாதிரி உடைஞ்ச ஹெட்டர் ஒண்ணையும் அதுக்கு வர்ற எரர் மெசேஜையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அச்சடிங்க சார், இடம் பத்தலன்னா அந்த கார்டு உதாரணத்த மட்டுமாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்